பழைய டீசல் புஷரா, புதிய பெட்ரோல் மோட்டார்ஹோமா?

மார்ச் 2, 2025. கேள்வி

"நாங்கள் இருவர், இருப்பது டெக்சஸ். கண்ணில் பட்டிருப்பது இரண்டு மோட்டார்ஹோம்கள், வீட்டையே மேலே கட்டிய வண்டிகள். ஒன்று 2006 மாடல், 40 அடி டீசல் புஷர் (எஞ்சின் பின்பக்கம் இருக்கும் டீசல் வண்டி), கம்மின்ஸ் ஐஎஸ்எல் 400 எஞ்சின், ஓடியது 62,000 மைல். இன்னொன்று 2021 மாடல், 34 அடி, ஃபோர்டு 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 14,000 மைல். விலை ஏறக்குறைய ஒன்றுதான். கோடை முழுக்க கொலராடோவில் இருப்போம், மற்ற மாதங்களில் வண்டி நிற்கும். பின்னால் காரையும் இழுக்க வேண்டும். டீசல் எஞ்சின் பத்து லட்சம் மைல் ஓடும், கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கு என்கிறார் நண்பர். சரிதானா?"

மார்ச் 2, இரவு

கண்ணை மூட வேண்டாம். பத்து லட்சம் மைல் கதை லாரிக்குச் சரி. தினமும் ஓடுகிற எஞ்சின், கணக்குப்படி எண்ணெய் மாற்றி வைக்க ஒரு கம்பெனியே இருக்கும். நீங்கள் பார்க்கிற வண்டி 19 வருடத்தில் 62,000 மைல். வருடத்துக்கு 3,300 மைல்கூட வரவில்லை. எஞ்சின் தேய்ந்திருக்காது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எஞ்சினைச் சுற்றியுள்ள ரப்பர் எல்லாம் நின்ற இடத்திலேயே கிழடு தட்டியிருக்கும். டயர், வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகளான ஏர் பேக், கூலன்ட் ஹோஸ், வெளியே நீளும் அறைப் பகுதியான ஸ்லைடு அவுட்டின் சீல், கூரை ஓரத்துப் பூச்சு. வீட்டுப் பக்கமும் அப்படியே: ஃபிரிட்ஜ், ஏசி, இன்வெர்ட்டர், நின்ற வண்டியை மட்டமாக்கும் லெவலிங் ஜாக், எல்லாமே 19 வயதுக்காரர்கள். ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் நிற்கும்.

நான் இரண்டு வகையும் வைத்திருந்தவள். முதலில் 2004 மாடல் 36 அடி டீசல், இப்போது 7.3 பெட்ரோல். உங்கள் விவரத்தைப் படித்ததும் மனம் பெட்ரோல் பக்கம்தான் சாய்கிறது. வருடத்தில் பாதிக்கு மேல் நிற்கப் போகிற வண்டி என்பதுதான் காரணம். மலையையும் காரையும் பற்றி இன்னும் யோசிக்கவில்லை. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

மார்ச் 3

டீசலில் "பழசு" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்த வருடம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1998 வாக்கிலிருந்து 2002 வரை வந்த கம்மின்ஸின் 5.9 லிட்டர் ஐஎஸ்பி எஞ்சின்களில் விபி44 என்ற இன்ஜெக்‌ஷன் பம்ப். டாங்கிலிருந்து டீசலை அனுப்பும் சின்ன லிஃப்ட் பம்ப் சோர்ந்துபோனால், கேட்காமல் கொள்ளாமல் அந்தப் பெரிய பம்பையும் கொன்றுவிடும். அதே காலத்து பிளாக் சிலவற்றில் "53" என்று வார்ப்பு எண் இருக்கும். பக்கச் சுவர் மெல்லியது, விரிசல் விடும் என்று பெயர் எடுத்தவை. பெரிய ஐஎஸ்சி, ஐஎஸ்எல் எஞ்சின்களில் 2003 வாக்கு வரை கேப்ஸ் என்ற பம்ப். அதை மாற்றுகிற செலவைக் கேட்டால் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். கேட்டர்பில்லரின் சி7, சி9 நல்ல எஞ்சின்கள்தான், ஆனால் அவர்கள் சாலை வாகன எஞ்சின் தொழிலையே 2010 வாக்கில் விட்டுவிட்டார்கள். பாகம் கிடைக்கிறது, பழக்கமான மெக்கானிக்குகள்தான் குறைகிறார்கள்.

2007-இல் அமெரிக்க மாசு விதி மாறியது. புகைக்கரி வடிகட்டும் டிபிஎஃப் வந்தது. 2010-இல் அதோடு, புகையைச் சுத்தம் செய்யும் டெஃப் திரவமும் சேர்ந்தது. 32.5 சதவீதம் யூரியா, மீதி தண்ணீர், மைனஸ் 11 செல்சியஸில் உறைந்துவிடும். திரவம் ஒன்றும் பிரச்சினையில்லை. அதன் தரத்தைப் பார்க்கிற சென்சார்தான் பிரச்சினை. அது செத்தால் எஞ்சின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 2021-இல் சிப் தட்டுப்பாட்டில் அந்தச் சென்சார் கிடைக்காமல் எத்தனையோ மோட்டார்ஹோம்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் வாரக்கணக்கில் நின்றன.

உங்கள் 2006 இந்த இரண்டு தொல்லைக்கும் நடுவில் விழுகிறது. கேப்ஸ் போய்விட்டது, டிபிஎஃப் இன்னும் வரவில்லை. நண்பர் சொன்ன காரணம் தப்பு, காட்டிய வண்டி தப்பில்லை.

மார்ச் 3, கொஞ்சம் கழித்து

வண்டிப் பத்திரத்தில் இருக்கிற வருடத்தை நம்பாதீர்கள். மோட்டார்ஹோமில் சேஸிஸ் ஒரு வருடம், மேலே கட்டிய வீடு ஒரு வருடம். 2007 என்று விற்கிற வண்டியில் 2006 எஞ்சின் இருப்பது சகஜம். எஞ்சினின் மேலேயே தகடு இருக்கும், தயாரித்த தேதி அதில் இருக்கும். கட்டிலைத் தூக்கினால் தெரியும். ஆமாம், டீசல் புஷரில் எஞ்சின் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில்தான்.

மார்ச் 6

மலைக் கணக்கு. டீசல்தான் ஏறும், பெட்ரோல் திணறும் என்று எல்லோரும் சொல்வதால் பென்சிலை எடுத்தேன்.

உங்கள் டீசல் 400 குதிரைத்திறன். 40 அடி வண்டி சாமானோடு 34,000 பவுண்டு என்று வையுங்கள். பெட்ரோல் 350 குதிரைத்திறன், 24,000 பவுண்டு. ஆயிரம் பவுண்டுக்கு எவ்வளவு என்று பார்த்தால் டீசலுக்கு 11.8, பெட்ரோலுக்கு 14.6. சமவெளியில் பெட்ரோல்தான் துடி! 4,500 பவுண்டு கார் ஒன்றைக் கட்டினால் 10.4-க்கு 12.3. அப்போதும் பெட்ரோல்தான் மேல்.

ஆனால் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் திறனை இழக்கும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது 350 என்பது 235 வாக்கில் வந்து நிற்கும். கார் கட்டிய பெட்ரோல் வண்டிக்கு இப்போது 8.2. டர்போ இருப்பதால் டீசல் பெரும்பாலும் தன் பழைய எண்ணிலேயே இருக்கும்.

அதாவது வித்தியாசம் மலை என்பதால் இல்லை, உயரத்தால். ஆறு சதவீத ஏற்றமாக இருந்தாலும் ஆயிரம் அடி, இரண்டாயிரம் அடி உயரத்தில் என்றால் பெட்ரோல் ஜோராக ஏறும். டெக்சஸிலிருந்து கொலராடோ எல்லை வரை உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. அதற்குப் பிறகு வலது ஓரத்து லேனில் லாரிகளோடு போவீர்கள், அவ்வளவுதான். நேரம் யாருக்கு அவசரம்?

மார்ச் 6, இரவு

ஏற்றத்தை எழுதிவிட்டு இறக்கத்தை விட்டுவிட முடியாது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

சுரங்கத்தைத் தாண்டி மேற்கே சில்வர்தோர்ன் பக்கம் ஏறக்குறைய 7 சதவீதச் சரிவு. பழைய டீசலில் டாஷ்போர்டு சுவிட்சைத் தட்டுவேன், எஞ்சின் பிரேக் பிடித்துக்கொள்ளும், அல்லிசன் கியர்பாக்ஸ் தானே கீழ் கியருக்கு வரும், காலை எதன்மீதும் வைக்காமல் இறங்குவேன். பெட்ரோலில் டோ-ஹால் பட்டன், பாரத்துக்கும் சரிவுக்கும் ஏற்பக் கியரை மாற்றுவது. பிரேக்கை ஒரு தட்டுத் தட்டினால் கியர் இறங்கும், எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் போய்க் கத்தும். அது சீட்டுகளுக்கு நடுவில் மூடிக்குள் இருக்கிற எஞ்சின். முதல் தடவை என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் அந்த மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டார், மடியில் வந்து விழுந்துவிடும் என்று. வேலை செய்கிறது, பிரேக் சூடாகவில்லை. ஆனால் இறங்கி முடித்தபோது தோள்பட்டை கல்லாகியிருந்தது.

கோடை முழுக்க கொலராடோ என்றால் இந்த இறக்கம் வாராவாரம் வரும். மார்ச் 2-இல் சொன்ன சாய்வு இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

மார்ச் 9

எரிபொருள் செலவைப் பற்றித்தான் அதிகமான கேள்விகள். அதற்குத் தகுதியே இல்லாத விஷயம். வருடம் 5,000 மைல், பெட்ரோல் காலனுக்கு 7 மைல், டீசல் 8 மைல் என்றால் 714 காலனுக்கு எதிராக 625 காலன். டீசல் விலை அரை டாலர் கூட இருந்தால் கணக்கு நேர். விடுங்கள்.

எண்ணெய் மாற்றத்தைப் பாருங்கள். 7.3-க்கு 8 குவார்ட், அதாவது 2 காலன், வாசலிலேயே நான் மாற்றுகிறேன். ஐஎஸ்எல் ஆறு காலனுக்கு மேல் குடிக்கும். இரண்டு ஃபியூயல் ஃபில்டர், பிரேக் காற்றின் ஈரம் எடுக்கும் ஏர் டிரையர், கிரீஸ் புள்ளிகள் எல்லாம் சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் பில் ஆயிரம் டாலரை எட்டிப் பார்க்கும். வருடம் ஒருமுறைதான், சரி. ஆனால் சாதாரண மெக்கானிக் கடையில் தொட மாட்டார்கள், லாரி கடைக்குப் போக வேண்டும். அங்கே லாரிகளுக்குத்தான் முதல் மரியாதை, நீங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கலாம்.

மார்ச் 10

"நிறுத்தி வைத்தால் பெட்ரோலுக்குத் தொல்லை இல்லையா?" உண்டு. பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் கெடும். அதிலும் ஜெனரேட்டர் கார்புரேட்டரில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை அரை லோடு கொடுத்து இரண்டு மணி நேரம் ஓட்டினால் வராது. டீசலில் அந்தப் பிசின் இல்லை, ஆனால் டாங்கில் தண்ணீர் சேர்ந்தால் அதில் பூஞ்சை வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். இந்த விஷயத்தில் யாரும் யோக்கியமில்லை.

மார்ச் 14

பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். டீசலில் நான் பார்க்கிறவை, பார்க்கிற வரிசையிலேயே:

டயர். பக்கச் சுவரில் டாட் (DOT) எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம். 3216 என்றால் 2016-இன் 32-வது வாரம். டிரெட் புதுசு போல இருக்கும், ஏமாறாதீர்கள். மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் வெடிக்கும். ஏழு வருடம் தாண்டினால் ஆறையும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். 22.5 அங்குல டயர், 3,000 டாலருக்கு மேல் ஆகும். ஆறுக்கும் எண்ணைப் பாருங்கள். பின்னாலுள்ள இரட்டையில் உள்பக்க டயரைக் குனிந்துதான் பார்க்க முடியும், அதனால்தான் பழையதை அங்கே ஒளித்து வைப்பார்கள்.

காற்று. டீசலில் பிரேக்கும் சஸ்பென்ஷனும் காற்றில்தான். எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை அமுக்கிப் பிடியுங்கள், காற்றழுத்தம் நிமிடத்துக்கு 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு பிரேக்கைத் தட்டித் தட்டிக் காற்றைக் குறைத்தால் 60 வருவதற்குள் எச்சரிக்கை ஒலி கேட்க வேண்டும். விற்பவரை முந்தின நாள் இரவே காற்றை ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். காலையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கம் கசிகிறது.

எண்ணெய் சாம்பிள். ஒரு குப்பி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், பெரிய செலவில்லை. சோடியம், பொட்டாசியம் தெரிந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. சிலிக்கான் அதிகமென்றால் காற்றுக் குழாயில் எங்கோ ஓட்டை, தூசி எஞ்சினுக்குள் போயிருக்கிறது. குறைந்த மைல் ஓடிய நல்ல எஞ்சினைக் கொல்கிற விஷயம் இந்தத் தூசிதான்.

கூரை. ஏறி முட்டி போட்டு நகருங்கள். மெத்தென்று அமுங்கும் இடம் எங்கே இருந்தாலும், பேச்சை முடித்துக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

மார்ச் 15

ரேடியேட்டரை விட்டுவிட்டேனே. பின்பக்கமா, பக்கவாட்டிலா என்று பாருங்கள். பின்பக்கம் என்றால், எஞ்சின் மூச்சுக் குழாயிலிருந்து சிந்தும் எண்ணெய் ஆவியை விசிறி அள்ளி ரேடியேட்டர் மேல் பூசும். அதில் சாலைத் தூசி படிந்து கம்பளி போர்த்தின மாதிரி ஆகிவிடும். வெளியிலிருந்து சுத்தமாகத் தெரியும், அழுக்கெல்லாம் எஞ்சின் பக்கத்தில் இருக்கும். ஆகஸ்ட் வெயிலில் ஏற்றத்தில் சூடு ஏறுகிற டீசல் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். கழுவலாம், பாதி நாள் வேலை, உடுப்பு போய்விடும்.

மார்ச் 22

"புதுசு என்றால் தலைவலி இல்லை" என்று ஒருவர். அடேயப்பா.

புது மோட்டார்ஹோமை வாங்கிய முதல் வருடத்தில் நான் ஓட்டியதைவிட டீலர் முற்றத்தில் அது நின்றதுதான் அதிகம். ஸ்லைடு அவுட் கோணலாக வெளியே வந்தது. குளியலறைக் குழாய் இணைப்பு கையால்கூட முடுக்கப்படவில்லை. டிராயர் ஒன்றின் பின்னால் மரத்தூள் ஒரு கூடை இருந்தது. வாரண்டியில் செய்தார்கள், ஆனால் பாகம் வர வேண்டும், அனுமதி வர வேண்டும், நல்ல மனசு வர வேண்டும். சேஸிஸ் பக்கம் ஒரு குறையும் இல்லை. ஃபோர்டு எஞ்சின் சாவியைத் திருப்பினால் ஓடுகிறது. மேலே உட்கார வைத்த வீடுதான் அவசரத்தில் கட்டியது.

உங்கள் 2006 டீசல் அன்றைக்கு விலை உயர்ந்த வண்டி. அலமாரிகளும் இன்சுலேஷனும் அப்போதைய பெட்ரோல் வண்டியைவிட ஒரு படி மேலே இருக்கும். இன்னொரு பக்கம், 2021 பெட்ரோலில் முதல் உரிமையாளர் என்னைப் போல மல்லுக்கட்டி முடித்திருப்பார். நான்கு வருடம் ஆன பெட்ரோல் என்பது உண்மையிலேயே நல்ல வயது. வாரண்டி கோப்பைக் கேளுங்கள், தடிமனாக இருந்தால் நல்லது.

மார்ச் 23

ஓட்டம். டீசலில் ஏர் சஸ்பென்ஷன், எஞ்சின் 35 அடி பின்னால். முன்னால் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டே போகலாம். பெட்ரோல் வண்டியின் ஃபோர்டு எஃப்-53 சேஸிஸில் லாரி தாண்டும்போது வண்டியை ஒரு இழு இழுக்கும், ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பின்பக்கம் டிராக் பார் (அச்சு பக்கவாட்டில் அசையாமல் பிடிக்கும் கம்பி) போட்டேன், வண்டியை எடை போட்டுப் பார்த்து டயர் காற்றை அதற்கேற்பச் சரிசெய்தேன். இரண்டாவதுதான் அதிகம் உதவியது, அதுவும் இலவசம். பலர் டயரில் எழுதியிருக்கிற உச்ச அளவையே ஏற்றிவிட்டு வண்டி குதிக்கிறது என்கிறார்கள்.

ஏப்ரல் 5

எடை. பெட்ரோல் வண்டியில் ஏறும் கதவின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று. நான் பார்த்த வண்டிகள் சிலவற்றில் அது 2,000 பவுண்டை ஒட்டித்தான். 80 காலன் தண்ணீர் மட்டும் 660 பவுண்டு. இரண்டு பேர், அரைக்கும் இயந்திரம், அரிசி மூட்டை, நாற்காலி, கருவிப் பெட்டி... முடிந்தது. சிரிக்காதீர்கள், எங்கள் வண்டியில் டேபிள்டாப் கிரைண்டரின் எடையைத் தனியாகப் போட்டுப் பார்த்தோம்.

இழுக்கும் கொக்கியும் பெட்ரோலில் பெரும்பாலும் 5,000 பவுண்டுதான், டீசலில் 10,000. உங்கள் கார் 4,500 என்றால் கொக்கி தாங்கும். ஆனால் வண்டியும் காரும் சேர்ந்த மொத்த எடைக்குத் தனியாக ஒரு உச்ச அளவு உண்டு. பலர் கொக்கியின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் லைசென்ஸ். டெக்சஸில் 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட மோட்டார்ஹோமுக்குச் சாதாரண லைசென்ஸ் போதாது, வணிகமல்லாத கிளாஸ் பி வேண்டும். உங்கள் டீசல் அதற்குள் வருகிறது, பெட்ரோல் வராது. கலிஃபோர்னியாவில் எல்லை வேறு: எடையல்ல, 40 அடி நீளம். டீசல் வாங்கினால் இரண்டு பேருமே டெஸ்ட் எழுதுங்கள். ஒருவர் மட்டும் ஓட்டத் தெரிந்த பயணம், அவருக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு முடிந்துவிடும்.

ஏப்ரல் 6

நீளத்தால் பூங்காக்களில் இடம் கிடைக்காதா என்று ஒரு கேள்வி. 40 அடிக்குத் தேசியப் பூங்கா முகாம்களில் இடம் சுருங்கும், உண்மை. ஆனால் 34-க்கும் பெரிய சலுகை எதுவும் இல்லை. கிளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலையில் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் எதையும் விடுவதில்லை, இரண்டு வண்டியும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அதற்குத்தானே பின்னால் கார் இழுக்கிறோம்.

ஏப்ரல் 19

தனிச் செய்தியில் வந்ததை, கேட்டவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன். டீசலின் எண்ணெய் ஆய்வு சுத்தம். பராமரிப்புக் கோப்பு முதல் உரிமையாளரிலிருந்து இருக்கிறது. டயர் ஆறில் நான்கு 2022, உள்பக்கம் இரண்டு 2015 (சொன்னேன் இல்லையா). ஆனால் கூரையில், பின் ஏசிக்கு அருகில், இரண்டு கை அகலத்துக்கு மெத்தென்று அமுங்குகிறது. விற்பவர் விலையில் 6,000 டாலர் குறைக்கிறேன் என்கிறார்.

என் பதில்: வேண்டாம். எஞ்சின் கோளாறு என்றால் எவ்வளவு என்று விலை சொல்லிவிடலாம். ஊறிப்போன கூரையைப் பிரிக்கும் வரை யாராலும் சொல்ல முடியாது, பிரித்த பிறகு சொல்வதைக் கேட்கப் பிடிக்காது. இத்தனை வாரம் எஞ்சினைப் பற்றி எழுதினோம், கடைசியில் வண்டியை வேண்டாம் என்று வைத்தது ஒரு பிளைவுட் பலகை.

ஏப்ரல் 21

இதற்குள் பெட்ரோல் வண்டி விற்றுப்போய்விட்டதாம். தனக்காகக் காத்திருக்கும் என்று அவர் எப்படி நினைத்தார் தெரியவில்லை. நல்ல விலைக்கு வந்த நான்கு வயது பெட்ரோல் வண்டி மூன்று வாரம் தாங்காது.

மே 3

கேட்டவர் மறுபடி இரண்டு வண்டிகளோடு வந்திருக்கிறார். 2005 மாடல் 37 அடி டீசல், 350 குதிரைத்திறன் கேட்டர்பில்லர் சி7, கூரை கல் மாதிரி இருக்கிறதாம். இன்னொன்று 2019 பெட்ரோல், அதாவது 7.3-க்கு முந்தின 6.8 வி10.

வி10 மோசமில்லை. முதல் தலைமுறையில் ஸ்பார்க் பிளக் எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வரும் கெட்ட பெயர் இருந்தது, 2019-இல் அந்தக் கதை இல்லை. ஏற்றத்தில் 7.3-ஐவிட இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கத்தும். அடுத்த சீசனுக்குள் கிளம்பியே ஆக வேண்டும், லாரி கடை வாசலில் நாற்காலி போட முடியாது என்றால் இதை வாங்குங்கள், மலையில் மெதுவாகப் போங்கள்.

கொலராடோதான் முக்கியம், கையில் விலைபோக 15,000 டாலர் ஒதுக்கி வைக்க முடியும், அதை முதல் இரண்டு வருடத்தில் செலவழிக்க மனம் கூசாது என்றால் சி7. நானாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன், அந்த இறக்கத்துக்காக. ஆனால் என்னிடம் கிரீஸ் துப்பாக்கி இருக்கிறது, என் வீட்டுக்காரருக்குப் பொறுமை இருக்கிறது. உங்கள் வீட்டில் இந்த இரண்டும் யாரிடம் என்று நீங்கள் இன்னும் எழுதவில்லை.

மே 4

சி7-இல் எஞ்சின் பிரேக் என்ன வகை என்று கேட்டீர்கள். அந்தக் காலத்து சி7 மோட்டார்ஹோம்களில் நான் பார்த்தவை எல்லாம் எக்ஸாஸ்ட் பிரேக், புகைக்குழாயை அடைத்து வேகத்தைக் குறைப்பது. ஐஎஸ்எல்லின் எஞ்சின் பிரேக் அளவுக்குப் பிடிக்காது, ஆனாலும் பெட்ரோலைவிட எவ்வளவோ மேல். ஓட்டிப் பார்க்கும்போது விற்பவரை நல்ல சரிவு ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஊருக்குள்ளேயே சுற்றிக் காட்டி அனுப்பப் பார்ப்பார், விடாதீர்கள்.